கொல்லிமலைச் சாட்சி

“போன மாசம் என்ற வண்டி, காட்டெருது, கொல்லிமலை எழுபது வளைவையும் ஆளே இல்லாம ஏறிருச்சுங்க,” என்றார் பொன்னுரங்கம். “ஏறுனதோட உட்டுதா? சோளக்காட்டுச் சந்தையில போயி நின்னு, நல்ல அன்னாசியா மோந்து பாத்து நாலு எடுத்துப் பெட்டியில போட்டுக்கிட்டு, எனக்கு நேரமாச்சுன்னு ஹாரன் அடிச்சுக் கூப்புட்டுதுங்க.”

தணிகாசலத்தின் ஹெல்மெட் கண்ணாடியில் உள்பக்கமாக ஆவி படிந்தது. அவருடைய சாதாரணக் கோபத்தில் ஒரு வீட்டுக்கு இட்லி அவிக்கலாம். அன்றைக்கு மூண்ட கோபத்தில் ஒரு கல்யாணத்துக்கே அவித்திருக்கலாம்.

“யோவ் ரங்கம், வாயை மூடுய்யா. மின்னூட்ட நிலையத்துல நாலு பேர் நிக்கிற இடத்துல என்ன பேச்சு இது? எவனாவது காதுல வாங்கி மேல எழுதிப் போட்டான்னா, நாளைக்கு உன் கையில கைப்பிடி இருக்காது!”

“பொறாமைங்க உங்களுக்கு. உங்க வரையாடு ஏறாதில்ல.”

“எந்த வண்டியும் ஏறாதுய்யா! ஆள் இல்லாம மலை ஏறின வண்டி இந்த உலகத்துல கிடையாது!”

இவ்வளவு ஆத்திரப்பட அவருக்குக் காரணம் இருந்தது. நாற்கரச் சாலைகளில் மோட்டார் சைக்கிள்களின் கைப்பிடி பூட்டிக்கொண்டு ஆறு வருடம் ஆகிவிட்டது. வண்டிக்குள் இருக்கும் ஓட்டறிவு என்கிற இயந்திர மூளையே பார்த்து, வளைத்து, நிறுத்தி, கிளப்பிக் கொண்டு போகும். மேலே உட்கார்ந்திருப்பவர் சும்மா மூட்டை. ஊர்ச்சாலைகளும் மலைச்சாலைகளும் மட்டுமே மனிதக் கைக்கு மிச்சம். அதிலும் மலைக்கு ஒரு நிபந்தனை உண்டு. கொண்டை ஊசி வளைவில் இரண்டு சக்கரத்தைச் சாய்த்து எடுக்க ஒரு மனித உடம்பு வேண்டும், ஓட்டறிவால் ஆகாது என்று சட்டம் நம்பிக்கொண்டிருந்தது. என்றைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் ஆளில்லாமல் மலையேறியதைத் தகுதியுள்ள சாட்சி ஒருவர் தன் வாயால் உறுதி செய்கிறாரோ, அன்றைக்கு நாட்டிலுள்ள அத்தனை மலைச்சாலைகளிலும் கைப்பிடிகள் பூட்டிக்கொள்ளும்.

மலைக்கு ஒரு சாட்சி. கொல்லிமலைக்குத் தணிகாசலம்.

அவரை விட்டால் வேறு யார்? முப்பத்தொரு வருடம் பிரேக் இன்ஸ்பெக்டர். ஓடத் தகுதியில்லாத வண்டி எதற்கும் கையெழுத்துப் போட்டதில்லை. தன் கல்யாணக் காருக்கே தகுதிச் சான்று மறுத்துவிட்டு, மாலையும் கழுத்துமாக மண்டபம் வரை நடந்து போனவர் என்று சேலம் ஜில்லா முழுக்கப் பேச்சு. நான்கு வருடமாக மாதம் தவறாமல், அரசு கொடுத்த கைக்கருவியான சாட்சிப் பலகையைத் திறந்து, ‘ஆளில்லா ஏற்றம்: இல்லை’ என்று பதிந்து வந்தார். நாற்பத்தெட்டு முறை. அந்த நாற்பத்தெட்டு ‘இல்லை’களின் தயவில்தான் நாட்டில் கிழவர்களும் கிழவிகளும் இன்னும் மலைமேல் வண்டி சாய்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ரெண்டு பேரும் வாயடிச்சது போதும்,” என்றார் ஜெசிந்தா. நாற்பது வருடம் பௌதிகம் நடத்தியவர், தூத்துக்குடிக்காரர். அவர் ‘போதும்’ என்றால் மின்னூட்டக் குழாயில் மின்சாரம்கூட ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் ஓடும். “இன்னைக்கு நம்ம வாய்க்கு வேலையே இல்ல. இது பேசும்.”

‘இது’ என்று அவர் காட்டியது, தேங்காய் மூடி அளவில் அவருடைய வண்டியின் டேங்க் மேல் ஒட்டியிருந்த ஒப்பாய்வி. பக்கத்திலுள்ள வண்டிகளின் ஓட்டறிவுகளோடெல்லாம் பேசி, நடுக்கம், பிடி, சாய்வு, பிரேக் எல்லாவற்றையும் அளந்து, எது எதைவிட மேல் என்று முகத்தாட்சண்யம் இல்லாமல் சொல்லிவிடும். அதற்காக எந்த வண்டியையும் எப்படியும் இயக்கிப் பார்க்கும் அதிகாரத்தை அன்று காலையில்தான் மூன்று பேரும் கைரேகை வைத்துக் கொடுத்திருந்தார்கள்.

பதினொரு வருடச் சண்டைக்கு முடிவு கட்டத்தான் இந்த ஏற்பாடு. நெடும்பயண வண்டிகளில் சிறந்தது எது? இருநூற்று அறுபது கிலோ எடையில், போர் போடும் ரிக் லாரியின் கம்ப்ரஸர் சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு போகும் பொன்னுரங்கத்தின் காட்டெருதா? பெரிய முன்சக்கரமும் ஒல்லி இடுப்புமாக நிற்கும் தணிகாசலத்தின் வரையாடா? அகலமான காற்றுத்தடுப்பும் மெத்தை சீட்டுமாக ஜெசிந்தாவின் நாரையா? வருடத்துக்கு ஒரு முறை திருச்செங்கோட்டில் கூடி, நாற்கரத்தைத் தொடாமல் நாமக்கல் வழியாகக் கொல்லிமலைக்குப் போவார்கள். நாமக்கல் வரை ஒருவர் வண்டியை இன்னொருவர் ஓட்ட வேண்டும். அங்கே மறுபடியும் மாற்றம். வண்டியைக் கிளப்புகிற சாவி வளையம் மணிக்கட்டில் இருக்கும். மாற்றும்போது அதையும் கழற்றிக் கொடுக்க வேண்டும். மலையடிவாரமான காரவள்ளியில் அவரவர் வளையத்தை அவரவர் வண்டியின் கண்ணாடிக் கம்பியில் மாட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டு, டீ குடித்துவிட்டு, சொந்த வண்டியில் மலையேறுவது வழக்கம்.

டீக்கடையில் ஒரு விதி இருந்தது. ஓட்டியவர் குறை சொல்லும்போது வண்டிக்காரர் கையில் டீ இருக்கும். டம்ளர் காலியாகும் வரை அவர் பதில் பேசக் கூடாது.

நாமக்கல்லில் முதல் டீ. காட்டெருதை ஓட்டி வந்த தணிகாசலம் தொடங்கினார்.

“இது வண்டியாய்யா? பிரேக் போட்டா ராசிபுரத்துக்கு மனு அனுப்பி, அங்கேருந்து உத்தரவு வந்தாத்தான் நிக்குது. ரவுண்டானாவுல திருப்பறதுக்குள்ள எனக்கு ஒரு வயசு கூடிப்போச்சு. அந்தச் சத்தம் வேற. வழியில மூணு பேர் நிறுத்தி, எங்க தோட்டத்துல போர் போட எவ்ளோ அடி ஆகும்னு கேக்கறான்!”

பொன்னுரங்கம் கொதிக்கிற டீயை ஒரே மடக்கில் விழுங்கினார். நாக்கு வெந்தது. வெந்த நாக்கோடு, “வண்டியில ஒரு தப்புமில்லீங்க,” என்று இரைந்தார். “ஓட்டுன ஆளு தப்பு! எருது மேல எருமை உக்காந்தா எப்புடிங்க போகும்?”

அடுத்து ஜெசிந்தா. “வரையாடு உயரம் எனக்கு ஏலாது சார். சிக்னல்ல நின்னா ஒத்தக் காலு அந்தரத்துல ஆடுது. காத்து நேரா நெஞ்சுல அறையுது. சீட்டா அது? பரீட்சை ஹால் பெஞ்சு.”

தணிகாசலத்தின் டம்ளர் காலி. “டீச்சர், வண்டியில தப்பில்ல. உங்க உட்கார்ற முறை தப்பு. கூன் போட்டு உட்கார்ந்தா எந்தச் சீட்டும் பெஞ்சுதான்!”

நாரையைப் பற்றி, “மெத்தையில படுத்துத் தூங்கறாப்புல இருக்குதுங்க, ஆனாக் குழியில எறங்குனா முதுகெலும்பு எண்ணிப் பாத்துக்கலாம்,” என்றார் பொன்னுரங்கம். நாற்பது வருடம் நிதானம் கற்பித்த ஜெசிந்தாவும் டம்ளரை மேசையில் குத்தினார். “வண்டிய சொல்லாதீங்க ரங்கண்ணா. குழியத் தேடித் தேடி எறக்குனது நீங்க!”

காரவள்ளி வரை அடுத்த மாற்றம். அதற்குள் வெயிலும் ஏறியது, கோபமும் ஏறியது. சேந்தமங்கலத்தைத் தாண்டும்போது ஹெல்மெட் பேசிகள் வழியாக மூன்று பேரும் போட்ட சண்டையில் வழியோர வாழைகள் தலை திருப்பிப் பார்த்தன. வரையாடை ஓட்டிய பொன்னுரங்கம் பின்சக்கரம் வழுக்குகிறது என்றார். தணிகாசலம் ஓட்டத் தெரியவில்லை என்றார். நாரையை ஓட்டிய தணிகாசலம் கைப்பிடி கனக்கிறது என்றார். ஜெசிந்தா உங்கள் கைதான் கனம் என்றார். காட்டெருதிலிருந்து ஜெசிந்தா ஏதோ சொல்ல வாயெடுத்ததுமே, “ஓட்டுன ஆளு தப்புங்க!” என்று பொன்னுரங்கம் முன்கூட்டியே இரைந்தார்.

காரவள்ளியில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, வளையங்களைக் கழற்றிக் கண்ணாடிக் கம்பிகளில் மாட்டிவிட்டு, டீக்கடைப் பெஞ்சில் மூன்று திசை பார்த்து உட்கார்ந்தார்கள். டீ வந்தது. விதியெல்லாம் பறந்துவிட்டது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கடைக்காரம்மா வடைத் தட்டைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் ஒப்பாய்வி வாய் திறந்தது.

“ஒப்பீட்டை முடிக்க முடியவில்லை. இன்று காலை முதல் நூற்றுப் பதினேழு குறைகள் சொல்லப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் வண்டி காரணமல்ல, ஓட்டியவரே காரணம் என்று உரிமையாளர்கள் மறுத்துள்ளனர். ஓட்டுபவர் என்ற காரணியை நீக்கிவிட்டு மலையேற்றத்தில் ஒப்பிடட்டுமா? மூவரின் ஒப்புதலும் தேவை.”

“நீக்கு!” என்றார் பொன்னுரங்கம், தணிகாசலத்தை முறைத்துக்கொண்டு. “மொதல்ல அதைச் செய்யி!”

“தாராளமா நீக்கு! அப்பத் தெரியும் யார் வண்டி எதுன்னு!” என்றார் தணிகாசலம்.

ஜெசிந்தா ஒரு கணம் யோசித்தார். யோசித்தது வீண். “மத்ததெல்லாம் சமமா இருந்தாத்தான் ஒப்பிட முடியும்னு நானும் நாப்பது வருஷமா சொல்லுதேன். நீக்கு.”

மூன்று வண்டிகளின் நிறுத்துக்கால்களும் ‘டக்’கென்று மடங்கின.

கம்பியில் தொங்கிய வளையங்களில் பச்சை விளக்கு எரிந்தது. காட்டெருது ஒரு முறை கம்ப்ரஸர் போல உறுமியது. வரையாடு முன்சக்கரத்தை இடப்பக்கம் திருப்பி, வழியில் படுத்திருந்த நாயை மரியாதையாகச் சுற்றிக்கொண்டு சாலைக்கு வந்தது. நாரை பின்னால் போனது. வனத்துறைச் சோதனைச்சாவடியின் தடுப்புக் கட்டை, வளையங்களைப் பார்த்து, வழக்கமான ஆட்கள்தானே என்று மேலே எழும்பியது.

பொன்னுரங்கம் வாயைத் திறந்தபடி நின்றார். “ஏனுங்க,” என்றார் மெதுவாக, “அது… ஆளில்லாம போகுதுங்களே?”

“போன மாசமே போச்சுன்னியேய்யா!”

“அது நான் சொன்னதுங்க. இது போகுதுங்க!”

தணிகாசலம் டம்ளரோடு ஓடினார். எழுபத்திரண்டு வயதில் அவர் ஓடிய வேகத்தைப் பார்த்து நாய் எழுந்து வழிவிட்டது. முதல் வளைவுக்கு முன்பே மூச்சு முட்டியது. அந்த நேரம் பார்த்து மலையேறும் சிற்றுந்து வந்தது. நாலு சக்கர வண்டிகளுக்கு மலை எப்போதோ ஓட்டறிவின் கைக்குப் போய்விட்டதால் அதில் ஓட்டுநர் கிடையாது, கண்டக்டர் அம்மா மட்டும். இந்த வகை பஸ்ஸில் கால் வைப்பதில்லை என்று சபதம் எடுத்திருந்த தணிகாசலம் முதல் ஆளாகத் தாவி ஏறினார். ஓடி வந்த மற்ற இருவரும் பின்னால் ஏறினார்கள்.

“வேகமாப் போகச் சொல்லும்மா!”

“இது யார் பேச்சையும் கேக்காதுங்க ஐயா. உக்காருங்க,” என்ற கண்டக்டர் ஜன்னல் வழியே மேலே பார்த்தார். “அட, உங்க வண்டிங்கதானே? வருசாவருசம் பாப்பேனே. ஐயோ, என்ன அழகாப் போவுது! நீங்க ஏறி ஓட்டுறப்போ இப்படி இருக்காதே.”

தணிகாசலத்தின் காது மடல் சிவந்தது. அதில் பீடி பற்றவைக்கத் தீப்பெட்டி வேண்டியதில்லை.

ஆனால் கண்ணை மூட முடியவில்லை. தலைக்கு மேலே, மலை மடிப்பில் அடுத்தடுத்த அடுக்குகளில், மூன்று வண்டிகளும் வளைந்து வளைந்து போயின. காலியான சீட்டுகள். காலியான மிதிகட்டைகள். தானாகத் திரும்பும் கைப்பிடிகள். எதிரே வாழைத்தார் லாரி வந்தால் ஒதுங்கி நின்றன. குரங்கு குறுக்கே வந்தால் வேகம் குறைத்தன. பிரேக் விளக்கு தேவையில்லாமல் ஒரு முறைகூட எரியவில்லை. தப்பு கண்டுபிடிப்பதையே தொழிலாகச் செய்த அவருடைய கண்கள் வளைவுக்கு வளைவு தேடின. ஒரு தப்புக் கிடைத்தாலும் போதும், அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ‘இது ஏற்றம் இல்லை’ என்று எழுதிவிடலாம். கிடைக்கவில்லை.

முப்பத்துநாலாவது வளைவு வந்தது.

அந்த வளைவில் அவர் பதினொரு வருடமாக இடது காலைத் தரையில் ஊன்றுவார். யாருக்கும் தெரியாது. தனியாகப் பின்தங்கி வந்து, ஊன்றி, தள்ளி, திருப்பிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல ஏறுவார். அதற்குக் காரணம் பின்டயர் என்று தனக்குத்தானே சொல்லியிருந்தார். அடுத்த வருடம் சாலையின் சரிவு. அதற்கடுத்து அந்தச் சாலையைப் போட்ட எஞ்சினியர். அதே பின்டயரோடு, அதே சரிவில், வரையாடு இடுப்பை ஒடித்துச் சாய்ந்தது. தரைக்கும் மிதிகட்டைக்கும் இடையில் நாலு விரல் இடம் விட்டு, பால் பாத்திரத்தைக் கவிழ்க்காமல் தூக்கிப் போகிறவளைப் போல நிமிர்ந்தது.

“திருட்டு நாயே,” என்றார் தணிகாசலம் பல்லைக் கடித்துக்கொண்டு. வண்டியைச் சொன்னாரா தன்னைச் சொன்னாரா என்று பக்கத்திலிருந்த ஜெசிந்தா கேட்கவில்லை.

சோளக்காட்டில் மூன்றும் ஒரு பலாமரத்தடியில் நின்றுகொண்டிருந்தன. அவர்கள் இறங்கியதும் ஒப்பாய்வி அறிவித்தது.

“ஒப்பீடு முடிந்தது. மூன்று வண்டிகளுக்கும் இடையில் நான்கு நொடி வேறுபாடு. பொருட்படுத்தத் தக்கதல்ல, மூன்றும் சமம். சொல்லப்பட்ட நூற்றுப் பதினேழு குறைகளில் ஒன்றுகூட வண்டிகளில் காணப்படவில்லை. உரிமையாளர்கள் சொன்னது முற்றிலும் சரி.”

பதினொரு வருடத்தில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் சண்டையில் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. ஒருவரும் சிரிக்கவில்லை.

தணிகாசலத்தின் சட்டைப் பையில் சாட்சிப் பலகை அதிர்ந்தது. ஒப்பாய்வி தன் முடிவைச் சட்டப்படி அதற்கும் அனுப்பியிருந்தது. ‘ஆளில்லா ஏற்றம் பற்றிய தகவல். சாட்சி இரண்டு மணி நேரத்துக்குள் வாய்மொழியாக உறுதி செய்யவும் அல்லது மறுக்கவும்.’

“மறுத்துருங்க,” என்றார் பொன்னுரங்கம். குரலில் கேலி போய்விட்டிருந்தது. “இன்ஸ்பெக்டரே, போன மாசம் நான் சொன்னது பச்சைப் பொய்யிங்க. ரெண்டு நாளு உக்காந்து யோசிச்சு ரெடி பண்ணுனேன். இதையும் அந்தக் கணக்குல சேத்துருங்க. ரங்கம் உட்ட கதைன்னு எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன்.”

“மெஷின் சொன்னா மட்டும் செல்லாது சார்,” என்றார் ஜெசிந்தா. “சாட்சி மறுத்தா கருவிக் கோளாறுன்னு மூடிருவாங்க. சட்டம் படிச்சுட்டேன். இத நான் சொல்லக் கூடாது. ஆனா சொல்லுதேன். மறுத்துருங்க.”

“டீச்சர், நீங்களுமா?” என்று கத்தினார் தணிகாசலம். சந்தையில் அன்னாசி விற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “நாப்பத்தெட்டு மாசம் நான் ‘இல்லை’ன்னு சொன்னதை எதுக்குய்யா கவர்ன்மென்ட்ல ஏத்துக்கிட்டான்? இவன் பொய் சொல்ல மாட்டான்னுதானே? இன்னிக்கு ஒரு பொய் சொன்னா அந்த நாப்பத்தெட்டும் பொய்யாயிடும்யா! அப்புறம் இத்தனை வருஷம் நாம ஓட்டினதே திருட்டுத்தனமா ஓட்டினதாப் போயிடும்!”

“போனாப் போகுதுங்க! திருட்டுத்தனமா ஓட்டிக்கலாமுங்க!”

“நீ ஓட்டுவே. நான் ஓட்ட மாட்டேன்.”

ஜெசிந்தா கடிகாரத்தைப் பார்த்தார். “கைப்பிடி பூட்ட இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குல்லா?” என்றார்.

வளையங்களை மணிக்கட்டில் மாட்டினார்கள். அவரவர் வண்டியில் ஏறினார்கள்.

அன்றைக்குக் கொல்லிமலையில் இறங்கியதைப் போல மோசமாக எவனும் இறங்கியிருக்க முடியாது. பொன்னுரங்கம் எட்டு வளைவுகளில் எதிர்ப்பக்கம் போய்த் திரும்பினார். நாரை ஒரு குழியையும் விடவில்லை. தணிகாசலம் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டார். பின்விளக்கு கார்த்திகைத் தீப்பொறி போல விட்டு விட்டு மின்னியது. முப்பத்துநாலாவது வளைவில் அவர் பின்தங்கவில்லை. இரண்டு பேர் பார்க்க, நட்டநடு ரோட்டில், இடது காலை நன்றாக ஊன்றி, வண்டியைத் தள்ளித் திருப்பினார்.

“பதினோரு வருஷமாவா?” என்று ஹெல்மெட்டுக்குள் பொன்னுரங்கத்தின் குரல் கேட்டது.

“ஆமாய்யா. பேசாம ஓட்டு.”

காரவள்ளியில் வண்டியை நிறுத்தியபோது பதினொரு நிமிடம் மிச்சமிருந்தது. தணிகாசலம் வண்டியை விட்டு இறங்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்தார். ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே மறு கையால் பலகையை எடுத்தார். கடைக்காரம்மா, நாய், சாவடிக் காவலர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொன்னுரங்கம் மட்டும் மலைப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஆளில்லா ஏற்றம் நடந்ததா?” என்று பலகை கேட்டது.

தணிகாசலம் ஏதோ முனகினார்.

“சாட்சியின் குரல் தெளிவாக இல்லை. மறுபடியும் சொல்லவும்.”

மறுபடியும் முனகினார்.

“சாட்சியின் குரல் தெளிவாக இல்லை.”

“நடந்துச்சு!” என்று அவர் போட்ட சத்தம் எழுபது வளைவும் ஏறிச் சோளக்காட்டுச் சந்தையில் கேட்டிருக்கும். “காது செவிடா உனக்கு? நடந்துச்சு! மூணு வண்டியும் ஆளே இல்லாமத்தான் ஏறுச்சு. நான் பார்த்தேன். என்னைவிட நல்லா ஏறுச்சு!”